வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர்

மனிதருக்கு வரும் வியாதிகள் எத்தனையோ உண்டு. ஆயினும் வெறிநாய்க்கடியைப்போல் நம் முன்னோரை நடுங்கச் செய்தது வேறொன்று இராது. கடித்த இடம் சில நாட்களில் ஆறிவிடும். கடிபட்டவன் உண்டு உறங்கித் தன் வேலையைப் பார்த்து வருவான். வாரங்கள் கழியும், சில வேளை மாதங்களும் கழியும். பின்பு ஒருநாள் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலும் உடல் பதறும். அதன்பின் சில தினங்களில் உயிர் பிரிந்துவிடும். குறிகள் தோன்றிய பிறகு நோயாளியைக் காப்பாற்றும் நம்பத்தக்க வைத்தியம் இந்நாள் வரையிலும் ஏற்படவில்லை. ஆனால் குறிகள் தோன்றுமுன் அந்நோயின் வழியை அடைத்துவிடலாம் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் வைத்தியரல்லர், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் குமாரர். அவருடைய ஜீவிய சரித்திரத்தை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதி, அதைச் சுருக்கமாக இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

லூயி பாஸ்டர் 1822-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி பிரான்சு தேசத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள தோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிதா நெப்போலியனுடைய சேனையில் போர்வீரராயிருந்து வீரப்பதக்கம் பெற்றவர். யுத்தம் முடிந்தபின் தோல் பதனிடும் குலத்தொழிலுக்குத் திரும்பியவர். குடும்பம் பின்னர் அர்புவா என்னும் ஊரில் நிலைபெற்றது. பள்ளிக்கூடத்தில் பாஸ்டர் பிரகாசித்த மாணவரென்று சொல்வதற்கில்லை. படம் வரைவதிலேயே அவருக்குப் பிரியம் அதிகம். தாய் தந்தையரையும் அண்டை அயலாரையும் அவர் வர்ணக் குச்சியால் தீட்டிய படங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. உற்றுப் பார்த்து உள்ளது உள்ளபடியே எழுதும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் பூதக்கண்ணாடியின் முன் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1831-ம் வருஷத்தில், பாஸ்டர் ஒன்பது வயது நிரம்பாத சிறுவராயிருந்தபோது, வெறிகொண்ட ஓநாய் ஒன்று அர்புவாவின் சுற்றுப்புறத்தில் புகுந்து பலரைக் கடித்தது. கடிபட்டோரை ஊர்க் கருமானின் உலைக்களத்துக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்களைச் சுட்டார்கள். அக்காலத்து வைத்தியம் அவ்வளவுதான். அப்படியும் சிலர் மாண்டனர். அந்தக் கூக்குரல் சிறுவரின் மனத்தில் ஆழப் பதிந்தது. ஐம்பது வருஷங்களுக்குப் பின் அதே நோயை அவர் ஆராயத் துணிந்ததற்கு இது ஒன்றே காரணமென்று நாம் சொல்லமாட்டோம். எனினும் அவர் அதை ஒருகாலும் மறந்தாரில்லை.

மேல்படிப்புக்காகப் பாரிஸ் நகரத்துக்கு முதல்முறை அனுப்பப்பட்டபோது, வீட்டு நினைவு தாங்காமல் ஊர் திரும்பியவர் இவர். பின்பு பெசான்சோன் நகரில் பயின்றார். பாரிஸிலுள்ள ஆசிரியர் கலாசாலையில் சேருவதற்கான பரீக்ஷையில் தேறியும், கிடைத்த ஸ்தானம் தமக்குப் போதாதென்று எண்ணி மறுவருஷம் திரும்பவும் எழுதி, மேலான ஸ்தானம் பெற்று 1843-ல் அங்கே சேர்ந்தார். பரீக்ஷையில் ஒருமுறை தாழ்ந்ததும் மனமுடைந்து போகும் இளைஞர்கள் இந்தச் செய்தியைக் கவனிப்பார்களாக.

அவர் முதலில் பெயர் பெற்றது ரசாயன சாஸ்திரத்தில். 1848-ல், திராட்சரசப் பீப்பாய்களில் படியும் உப்பொன்றின் படிகங்களைப் பூதக்கண்ணாடியால் சோதித்து, வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று எதிருருவான இருவகை அவற்றில் உண்டென்று கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மறுவருஷம் ஸ்த்ராஸ்பூர்க் நகரில் ஆசிரியரானார்; அங்கே மேரி லோரான் என்னும் மாதை மணந்தார். அந்த அம்மையார் கணவருடைய குறிப்புகளைப் பிரதி செய்தும், அவர் சொல்லச் சொல்ல எழுதியும், ஆராய்ச்சியிலும் துணைவியாய் விளங்கினார். 1854-ல் லீல் நகரத்துக் கலாசாலைக்கு மாறியபின், மது புளிப்பதும் பால் திரிவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலையென்று நிரூபித்தார். அவ்வுயிர்கள் வெறும் சாற்றிலிருந்து தாமாகவே உண்டாவதில்லை, காற்றின் தூசியோடு வந்து சேர்பவை என்பதையும் அன்னக் கழுத்துப் போல் வளைந்த குடுவைகளைக் கொண்டு நிலைநாட்டினார்.

சிற்றுயிர் சாற்றைக் கெடுக்குமானால், அது பிராணியின் உடலையும் கெடுக்கக்கூடாதோ? இந்த வினா அவரைக் கால்நடைகளின் நோய்களுக்கு இழுத்துச் சென்றது. ஆயினும் அவர் முதலில் ஆராய நேர்ந்தது பட்டுப்புழுவின் நோயை. பிரான்சின் தெற்கே பட்டுத் தொழில் அழிந்துகொண்டிருந்தது. 1865-ல் தம் ஆசிரியர் தூமா வேண்டிக்கொண்டதற்கு இணங்கி, பட்டுப்புழுவைத் தொட்டும் அறியாத பாஸ்டர் ஆலேஸ் நகரத்துக்குப் புறப்பட்டார். ஐந்து வருஷம் அப்பணியில் கழிந்தது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கவேண்டும். நோய்த்துகள் காணப்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிடவேண்டும். இதுவே அவர் கண்ட வழி. நம் ஓசூர்ப் பக்கத்திலும் மைசூர் நாட்டிலும் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இந்தச் சோதனை இன்றும் நடந்துவருகிறது. புழுக்களை வாட்டிய மற்றொரு நோயான மெலிவு நோய்க்கு வைரஸ் என்னும் நுண்பொருளும் ஒரு காரணமென்பது பிற்காலத்தில் தெரியவந்தது. பாஸ்டருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இக்காலத்தில் அவர் அனுபவித்த துக்கம் கொஞ்சமன்று. ஐந்து குழந்தைகளில் மூவரை மரணம் கொண்டுபோயிற்று. மூத்த பெண் ழான் 1859-லும், இரண்டு வயதுக் குழந்தை கமீல் 1865-லும், பன்னிரண்டு வயது செசீல் 1866-லும் இறந்தனர். மூத்தவளும் செசீலும் விஷ ஜுரத்துக்கு இரையானவர்கள். 1868-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது. இடது கையும் காலும் செயலற்றன. நாற்பத்தைந்து வயதில் அவருடைய வேலை முடிந்ததென்றே பலரும் எண்ணினர். சில மாதங்களில் அவர் பட்டுப்புழு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். நம்முடைய வியப்புக்குரியது என்னவெனில், கால்நடை நோய்களைப் பற்றிய அவருடைய பெருங்காரியங்கள் யாவும் இந்தப் பக்கவாதத்துக்குப் பிற்பட்டவை என்பதே. சோதனைச் சாலையில் கையால் செய்யும் நுட்பமான வேலையை எமில் ரூ, ஷாம்பர்லான் முதலிய இளைஞர்கள் செய்தனர். அவர் நொண்டி நடந்து அருகில் நின்று கவனித்தார்.

1879-ல் அவர் கோழிக் காலராவை ஆராய்ந்தார். அது ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியைக் கோழி ரசத்தில் வளர்த்து ஊசியால் ஏற்றினால் கோழி ஒரே நாளில் சாகும். ஒருமுறை, சில வாரங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய ரசத்தைச் சில கோழிகளுக்கு ஏற்றினார்கள். அவை சோர்ந்தன, ஆனால் சாகவில்லை. பின்னர் அதே கோழிகளுக்கும் புதிய கோழிகளுக்கும் வீரியமுள்ள ரசத்தை ஏற்றினார்கள். புதியவை மாண்டன, பழையவை பிழைத்தன. வேறொருவர் இதை வீணான பரீக்ஷை என்று தள்ளியிருக்கக்கூடும். பாஸ்டரோ இங்கிலாந்து தேசத்து ஜென்னரை நினைத்தார். ஜென்னர் 1796-ல் மாட்டம்மைப் பாலைக் குத்தி மனிதரைப் பெரியம்மையினின்று காத்தவர். மாட்டம்மை இயற்கை கொடுத்த மெலிந்த விஷம். காற்றில் கிடந்த கோழி ரசமோ சோதனைச் சாலையில் மெலிந்த விஷம். ஆகவே எந்த நோயின் விஷத்தையும் மனிதர் வேண்டுமென்றே மெலியச் செய்து, அந்நோய்க்கே கேடயமாக்கலாம் என்பது அவருடைய துணிபாயிற்று. ஜென்னரைக் கௌரவிக்கும்பொருட்டு, பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த வாக்ஸின் என்னும் பெயரையே இத்தகைய மருந்துகள் அனைத்துக்கும் வழங்கவேண்டுமென்று 1881-ல் லண்டனில் கூடிய வைத்திய மகாசபையில் அவர் முன்மொழிந்தார்.

அதே வருஷத்தில் அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. அடைப்பான் என்று நம் நாட்டார் வழங்கும் நோய் பிரான்சின் ஆடு மாடுகளைக் கூட்டங் கூட்டமாய்க் கொன்றுவந்தது. அதற்கும் தடுப்பு மருந்து உண்டென்று பாஸ்டர் அறிவித்தபோது, ரோசிஞோல் என்னும் கால்நடை வைத்தியர் அதை யாவரும் காணச் சோதித்துக் காட்டும்படி அழைத்தார். புயி-லெ-போர் என்னும் கிராமத்துப் பண்ணையில் ஐம்பது ஆடுகள் இரு பங்காகப் பிரிக்கப்பட்டன. மே மாதம் 5-ந் தேதியும் 17-ந் தேதியும் இருபத்தைந்து ஆடுகளுக்குத் தடுப்பு மருந்து குத்தினார்கள். 31-ந் தேதி எல்லா ஆடுகளுக்கும் கொடிய விஷம் ஏற்றப்பட்டது. ஜூன் 2-ந் தேதி குடியானவரும் பிரபுக்களும் பத்திரிகைக்காரரும் பண்ணையில் கூடியபோது, மருந்து பெறாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. எஞ்சியவையும் அன்றிரவுக்குள் மாண்டன. மருந்து பெற்றவை மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுள் சினையாட்டு ஒன்றே பின்னர் இறந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பாஸ்டர் தம் மருந்தைக் காற்றினால் மெலிவித்ததாகவே உலகம் எண்ணிக்கொள்ள விட்டுவிட்டார். உண்மையில் அன்று குத்தப்பட்டது ஷாம்பர்லான் ரசாயன உப்பொன்றால் பக்குவப்படுத்திய மருந்து. ரசாயனப் பொருளால் விஷத்தை அடக்கும் வழியைத் துலூஸ் நகரத்துக் கால்நடை வைத்திய ஆசிரியர் தூஸேன் முன்னமே முயன்றிருந்தார். பாஸ்டருடைய சொந்தக் குறிப்புப் புத்தகங்கள் வெகுகாலம் குடும்பத்தாரிடம் இருந்து, 1970-களில் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டின. 1995-ல் வெளிவந்த ஒரு நூல் இதனை விரிவாய் எடுத்துக்காட்டிற்று. புகழில் பங்கு கொடுக்க அவர் தயங்கியது குறையே. அக்குறையைச் சொல்வதனால் ஆடுகள் பிழைத்த உண்மை குறைந்துவிடாது. மறைத்தால் நாம் எழுதுவது சரித்திரமாகாது.

இனி வெறிநாய்க்கடிக்கு வருவோம். 1880-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்நோயால் மாண்ட ஒரு குழந்தையின் உமிழ்நீரை வாங்கிப் பாஸ்டர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதில் எந்தக் கிருமியையும் நோய்க்குக் காரணமென்று அவரால் காட்ட இயலவில்லை. கோழி ரசத்தில் வளர்த்துப் பார்த்தார், வளரவில்லை. காரணம் இன்று நமக்குத் தெரியும். அது கிருமிகளிலும் மிகச் சிறிய வைரஸ். உயிருள்ள அணுவுக்குள் அன்றி வேறெங்கும் பெருகாது. அக்காலத்துப் பூதக்கண்ணாடிக்குப் புலப்படாது. கால்நடைகளின் கோமாரி நோய் இத்தகைய வடிகட்டியிலும் தங்காத நுண்விஷத்தால் வருவதென்று லோப்ளர், ப்ரோஷ் என்னும் ஜெர்மானியர் கண்டது 1898-ல். வெறிநோய் விஷமும் அவ்வகையினதே என்று ரெம்லிஞ்ஜே காட்டியது 1903-ல். இரண்டும் பாஸ்டரின் மரணத்துக்குப் பிற்பட்டவை. ஆகவே அவர் தாம் ஒருபோதும் கண்டிராத பகைவனோடு போராடினார்.

ரசத்தில் வளராத விஷத்தை எங்கே வளர்ப்பது? லியோன் நகரத்துக் கால்நடை வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த கால்தியே, இந்நோயை முயலுக்கு ஏற்றலாமென்று 1879-ல் காட்டியிருந்தார். நோயின் குறிகள் யாவும் மூளையையும் நரம்பையும் பற்றியவையாதலால், விஷம் அங்கேதான் குடியிருக்கவேண்டுமென்று பாஸ்டர் ஊகித்தார். நாயின் மண்டையோட்டில் சிறு துவாரமிட்டு, நோயுற்ற மூளைச் சத்தை உள்ளே செலுத்தும் முறையை ரூ முயன்றார். அந்தச் சஸ்திர சிகிச்சையை நினைத்துப் பாஸ்டர் வருந்தினார் என்றும், தாம் இல்லாத வேளையில் ரூ அதைச் செய்து முடித்த நாயைப் பார்த்தபின்பே சமாதானமடைந்தார் என்றும் அவர் சரித்திரகாரர் எழுதியுள்ளார்கள். இவ்வழியில் நோய் தவறாமல் பற்றியது. முயலிலிருந்து முயலுக்கு ஏறத்தாழ தொண்ணூறு முறை மாற்றியபின், ஏழு நாளில் நோயைத் தோற்றுவிக்கும் நிலையான விஷம் கிடைத்தது. அவ்வாறு மாண்ட முயலின் முதுகுத் தண்டை நூலில் கட்டி, ஈரத்தை உறிஞ்சும் காரம் அடியில் இட்ட குடுவையில் தொங்கவிட்டார்கள். நாள்தோறும் விஷம் மெலிந்தது. பதினான்கு நாள் உலர்ந்த தண்டு நோயை உண்டாக்கும் சக்தியை இழந்தது. முதலில் அதையும், அடுத்தடுத்த நாட்களில் குறைவாக உலர்ந்தவற்றையும் நாய்களுக்கு ஏற்றிவந்தால், கடைசியில் வீரியம் மிக்க விஷத்தையும் அவை தாங்கின. 1884-ல் அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு இதைச் சோதித்து ஒப்புக்கொண்டது.

இந்த மருந்து முதலில் நாய்க்கென்றே கருதப்பட்டது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வெறிநோய் நாயின் நோய். மனிதனுக்கு அது பெரும்பாலும் நாயின் வழியே வருவது. நாய்கள் யாவும் காக்கப்பட்டால் மனிதர் தாமே காக்கப்படுவர். ஆயினும் பாரிஸ் நகரத்தில் மட்டும் லட்சம் நாய்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பல நாள் தொடர்ந்து ஊசி போடுவது ஆகிற காரியமா? அதற்கு வேண்டிய முயல்கள் எத்தனை? ஆதலால் அவர் வேறு வழியை எண்ணினார். கடிவாயிலிருந்து விஷம் நரம்பு வழியாக மெல்ல மெல்லவே மூளைக்கு ஏறுகிறது. அது போய்ச் சேருமுன், கடிபட்டவன் உடலை மருந்தால் ஆயத்தப்படுத்திவிட்டால் என்ன? மரண தண்டனை பெற்ற கைதிகளிடம் இதைச் சோதிக்கலாமோ என்று 1884-ல் பிரேஸில் சக்கரவர்த்திக்கு அவர் கடிதமும் எழுதினார். சக்கரவர்த்தி அதற்கு இணங்கவில்லை; இணங்காதது நன்மையே என்று நாம் எண்ணுகிறோம்.

1885-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி, அல்ஸாஸ் நாட்டிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனைப் பாஸ்டரிடம் அழைத்துவந்தாள். ஜோசப் மைஸ்டர் என்னும் அச்சிறுவனை இரண்டு நாளைக்குமுன் வெறிநாய் பதினான்கு இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டருடைய நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். ஊசி போட அவருக்குச் சட்டப்படி அதிகாரமில்லை. கடித்தபின் மருந்து கொடுத்து நாய்களைக் காத்த சோதனைகள் இன்னும் முடிவுபெறவில்லை. மருந்து தவறினால் சிறுவனைக் கொன்றவர் என்ற பழி சேரும். கொடாவிட்டால் சிறுவன் சாவது ஏறக்குறைய நிச்சயம். ரூவே இதில் சேர உடன்படவில்லை. வுல்ப்பியான், க்ராஞ்சே என்னும் இரு வைத்தியரைக் கலந்துகொண்டு, அன்று மாலையே க்ராஞ்சேயின் கையால் முதல் ஊசியைப் போடச் செய்தார். பத்து நாளில் பதின்மூன்று ஊசிகள். நாளுக்கு நாள் விஷத்தின் வீரியம் ஏற ஏறப் பாஸ்டர் உறக்கத்தை இழந்தார். ஜூலை 16-ந் தேதி ஏற்றியது ஒரு முயலை ஒரு வாரத்தில் கொல்லத்தக்க விஷம். சிறுவன் பிழைத்தான்.

அவ்வருஷம் அக்டோபரில் ஜுப்பீல் என்னும் பதினைந்து வயது இடையனும் பிழைத்தான். மற்றச் சிறுவர்களைக் காக்க வெறிநாயோடு தனித்து நின்று போராடியவன் அவன். கடிபட்டு முப்பத்தேழு நாட்களுக்குப் பின் கொண்டுவரப்பட்ட லூயிஸ் பெலெத்தியே என்னும் சிறுமியோ மாண்டாள். காலங் கடந்ததென்று அறிந்தும் பாஸ்டர் அவளைத் திருப்பியனுப்ப மனமற்றவரானார். 1886-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ருஷியாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய் கடித்த பத்தொன்பது குடியானவர் வந்தனர். பதினாறு பேர் உயிரோடு ஊர் திரும்பினர். அவ்வருஷம் அக்டோபர் முடிவதற்குள் ஏறத்தாழ 2,500 பேர் இவ்வைத்தியம் பெற்றனர். பல தேசத்தாரும் கொடுத்த இருபத்தைந்து லட்சம் பிராங்குக்கு மேற்பட்ட பணத்தால் பாரிஸில் பாஸ்டர் நிலையம் எழும்பி, 1888-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி திறக்கப்பட்டது. 1895-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலஞ்சென்றார். அவருடைய உடல் அந்நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அவரால் உயிர் பெற்ற மைஸ்டர், வளர்ந்தபின் அதே நிலையத்தில் காவற்காரராய்ப் பணிசெய்து 1940-ல் மறைந்தார்.

பாஸ்டர் நம் நாட்டுக்கு வந்ததில்லை. அவருடைய மருந்து வந்தது. முற்காலத்தில் இந்தியாவில் வெறிநாய் கடித்தால், பணமுள்ளவர் கப்பலேறிப் பாரிஸுக்குப் போகவேண்டும். மற்றவர் விதியென்று இருக்கவேண்டும். 1900-ம் வருஷத்தில் வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியில் கடிபட்டவருக்கு அதுவும் வெகுதூரமே. 1902-ல் ஆங்கிலேயப் பெண்ணொருத்தி இந்நோயால் மாண்டது தெற்கே பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. அமெரிக்கச் செல்வரான ஹென்றி பிப்ஸ் இந்திய நன்மைக்கென்று அளித்த நன்கொடையின் ஒரு பகுதியையும் பொதுமக்கள் கொடுத்த பணத்தையும் கொண்டு, நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் கட்டப்பட்டு, 1907-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலேறி ஏழை எளியவரும் அங்கே போய்ச் சேர்ந்தனர். பிற்காலத்தில் மருந்தே ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்பட்டது.

1911-ல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் பிராணியின் மூளையில் வளர்ந்த விஷத்தைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று புதிய மருந்து செய்தார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டனார் அஞ்சியது இதனையே. லட்சக்கணக்கானவர் இதனால் பிழைத்தனர். ஆனால் அம்மருந்தில் மூளைச் சத்து கலந்திருந்தமையால், சிலருக்கு நரம்பு வீங்கி வாதம் கண்டது. சிலர் அதனாலேயே இறந்தும் போயினர். அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அவற்றில் வைரஸைப் பெருக்கிச் செய்யும் புதிய மருந்து வந்தபின், இந்தியாவில் 2005-ம் வருஷத்தோடு ஆட்டு மூளை மருந்து நின்றுபோயிற்று. இப்போது கையில் சில ஊசிகளே போதும்.

கால்நடைகளுக்கும் பாஸ்டர் காட்டிய வழியே வழியாயிற்று. 1903-ல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை வைத்தியக் கலாசாலையும், இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து செய்யும் நிலையமும், முக்தேசரத்திலுள்ள ஆராய்ச்சிச் சாலையும் அவ்வழியில் நடந்தவை. முக்தேசரத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் மாட்டு வெக்கை நோயின் வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் பன்முறை மாற்றி, மாட்டைக் கொல்லாது காக்கும்படி மெலிவித்தார். முயலில் பாஸ்டர் செய்தது இங்கே ஆட்டில் செய்யப்பட்டது. பின்னர் வந்த மேலான மருந்துகளின் உதவியால், உழவரின் தொழுவங்களைப் பாழாக்கிய வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மனிதர் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே.

அங்ஙனமாயின் வெறிநாய்க்கடி ஏன் ஒழியவில்லை? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மாள்வதாக 2015-ல் வெளிவந்த ஒரு கணக்கு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பங்கினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஏழைகள், குழந்தைகள் பலர். அவர்களில் நம் தேசத்தாரின் தொகை மற்றெத்தேசத்தாரின் தொகையிலும் பெரிது. மருந்து இல்லாமையன்று காரணம். பாஸ்டர் முதலில் எண்ணிக் கைவிட்ட காரியத்தை, அதாவது நாயைக் காக்கும் காரியத்தை, நாம் முற்றச் செய்யாததே காரணம். ஒரே ஊசியால் நாயைக் காக்கும் மருந்தை ஜப்பானியர் 1921-லேயே செய்துவிட்டனர். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மருந்து குத்தி, அந்நிலையை ஆண்டுதோறும் காத்துவந்தால், அவ்வூரில் நோய் பரவ வழியற்றுப் போகுமென்று நிபுணர் கூறுகின்றனர்.

இது நடவாத காரியமன்று என்பதற்குச் சென்னையின் தென்பாகத்தையே சான்று காட்டலாம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நகரசபையின் பழைய வழக்கம். எத்தனை கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. 1959-ல் தியாகராய நகரில் கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த நீலச் சிலுவைச் சங்கம், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து மருந்து குத்தித் திரும்ப விடும் திட்டத்தை 1964-ல் முன்வைத்தது. முப்பது வருஷங்களுக்குப் பின் நகரசபை அதனை ஏற்றது. இன்று பெசன்ட் நகரின் கடற்கரை மணலிலும், ஊரூர்க் குப்பத்துப் படகுகளின் நிழலிலும் படுத்திருக்கும் நாய்களில் காதின் ஓரம் சிறிது வெட்டப்பட்டவற்றைக் காணலாம். அந்த வெட்டு அவை கருத்தடையும் மருந்தும் பெற்றதற்கு அடையாளம். மருந்தின் பலன் நெடுநாள் நில்லாது. ஆகவே அதை மறுபடியும் மறுபடியும் குத்தவேண்டும். அந்த இடைவிடாத முயற்சியே இன்னும் போதாமலிருக்கிறது.

பாஸ்டரின் வெற்றிக்கு முயலும் நாயும் ஆடும் உயிர்கொடுத்தன என்பதை நாம் மறக்கலாகாது. பெசன்ட் நகரை அடுத்த திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் ராஜ்யசபையில் கொண்டுவந்த மசோதாவே, பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் 1960-ம் வருஷத்துச் சட்டத்துக்கு வித்தாயிற்று. ஆராய்ச்சிக்காகவும் பிராணிக்கு வீணான துன்பம் செய்யலாகாதென்று அச்சட்டம் விதிக்கிறது. அணு வளர்ப்பு மருந்து வந்தபின் ஆட்டு மூளைக்கும் அவசியமில்லாது போயிற்று. சாஸ்திரமும் ஜீவகாருண்யமும் எப்போதும் எதிரெதிரே நிற்கவேண்டியதில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

பாஸ்டரின் சரித்திரத்தைப் படித்துப் புகழ்ந்து மூடிவிடுவதால் பயனில்லை. நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்பக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, குறித்த தேதிகளில் ஒன்றும் தவறாமல் முடிக்கவேண்டும். காயம் ஆழமாயின், காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தையும் கேட்டுப் பெறவேண்டும். அடிக்குப் பயந்து கடித்ததை வீட்டில் மறைக்கும் சிறுவர் பலர் உண்டு. அவர்கள் பயமின்றி வந்து சொல்லும்படி பெற்றோர் பழக்கவேண்டும். வீட்டு நாய்க்கு வருஷந்தோறும் மருந்து குத்தவேண்டும். நம் மாணவர் விடுமுறைக்குத் தத்தம் கிராமங்களுக்குப் போகும்போது, இந்தச் சில செய்திகளைத் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துச் சொல்வார்களாயின், அதனால் ஒரு குழந்தையேனும் பிழைக்கக்கூடும். பாஸ்டருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.